எல்லைத் தெருவில் சொல்லக் கூடாத சொல்

எல்லைத் தெருவில் யாரும் 'முயல்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. எந்தப் பலகையிலும் எழுதப்படாத, எவரும் எவருக்கும் கற்றுத் தராத விதி அது. தெருவின் தென்புறம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அங்கே முயல் ஒரு வீட்டுப் பிராணி. வடபுறம் குயின்ஸ்லாந்து மாநிலம். அங்கே, பயிரை அழிக்கும் பிராணி என்பதால், அதே முயல் ஒரு குற்றம். பிடிபட்டால் நல்ல கார் ஒன்றின் விலை அபராதமாகப் போய்விடும். கோடையில் தென்புறம் மட்டும் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி வைப்பதால், இரு பக்கத்துக் கடிகாரங்களும் ஒரு மணி நேரம் விலகி நிற்கும். அதைப் பற்றி எல்லோரும் கேலி பேசுவார்கள். முயலைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். பட்டினி கிடப்பவர் முன்னால் ஏப்பம் விடாதிருப்பதைப் போன்ற ஓர் இங்கிதம்.

போதாக்குறைக்கு வடபுறத்தில், நோயல் டன்ஸ்டனின் வீட்டுக்கு நேர் எதிரே, லோர்னா காஃப்னி குடியிருந்தாள். அவளுடைய காலஞ்சென்ற கணவர் பெர்ட், குயின்ஸ்லாந்துக்குள் முயல்கள் நுழையாதபடி போட்ட தடுப்பு வேலியைத் தம் ஆயுள் முழுவதும் பழுது பார்த்தவர். கம்பிச் சுருளும் குறடுமாக வேலியோரம் நடந்து நடந்தே தேய்ந்த மனிதர். அவருடைய மனைவியின் காதில் விழும்படி அந்தச் சொல்லை உச்சரிப்பது, தீயணைப்பு வீரர் வீட்டு வாசலில் தீக்குச்சி கிழிப்பதற்கு ஒப்பாகும் என்று தென்புறம் கருதியது. ஆகவே தென்புறத்து முயல்கள் 'பசங்க' என்றோ 'நம்ம ஆளுங்க' என்றோ மட்டுமே குறிப்பிடப்பட்டன.

நோயலின் பசங்கள், அந்த ஜூலை மாதக் காலையில், அவருடைய சமையலறைத் தரையில் ஒன்றையொன்று கொன்றுவிடத் துணிந்திருந்தன.

பழுப்பு நிறத்து பிஸ்கட்டும், நெற்றியில் வெள்ளைப் பொட்டுடைய கறுப்பு நிறத்து பட்டனும் ஒரே பந்தாகச் சுருண்டு சுழன்றன. அந்தப் பந்திலிருந்து உரோமம் பறந்தது. நோயல் ஒரு கையில் ரொட்டி வெட்டும் பலகையை நடுவே நுழைத்தார்; மறு கையால் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினார். அஞ்சல் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த காலமெல்லாம் சனிக்கிழமைகளில் ரக்பி ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர் அவர். உலகில் எந்தச் சண்டையையும் விசிலால் நிறுத்த முடியும் என்பது அவருடைய முதிர்ந்த நம்பிக்கை.

பட்டன் நின்றது. பிஸ்கட்டின் இடது காதில் இரத்தம் துளிர்த்தது.

"பட்டன், வெளியே. பத்து நிமிஷம்" என்றார் நோயல்.

பட்டனைத் தூக்கிக் குளியலறையில் அடைத்துவிட்டுத் திரும்புகையில் தொலைபேசி ஒலித்தது.

"பசங்க எப்படி இருக்காங்க?" என்றாள் அவருடைய மனைவி க்ளெனிஸ். தன் இடுப்பைப் பற்றி அவள் பேசவே இல்லை. பல்பொருள் அங்காடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை முடிந்து, இப்போது மறுவாழ்வுப் பிரிவில் கம்பியைப் பிடித்து நடை பயின்றுகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு பேரையும் பிரிச்சுடாதே, நோயல். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இருக்காது." அதற்கு மறுநாள் தொடங்கியது சண்டை.

"ஜோரா இருக்காங்க" என்றார் நோயல்.

"போனை அவங்க பக்கத்துல வை. மெல்ற சத்தம் கேக்கணும். அது கேட்டாத்தான் இங்க தூக்கம் வருது."

நோயல் சமையல் மேடையைப் பார்த்தார். அங்கே செலரித் தண்டு ஒன்று கிடந்தது. மனிதன் தன் மனைவிக்காக எவ்வளவு தூரம் இறங்குவான் என்பதற்கு எல்லை கிடையாது. அவர் தொலைபேசியைக் கன்னத்தருகே வைத்து, செலரியை முன்பல்லால் சிறுசிறு கடியாகக் கடித்தார்.

"இது பிஸ்கட்" என்றாள் க்ளெனிஸ், கனிந்த குரலில். "பட்டன் எங்க?"

நோயல் வாயின் மறுபக்கத்துக்குத் தண்டை மாற்றி வேகமாக மென்றார்.

"சரி" என்றாள் அவள். "சனிக்கிழமை என்னை விடறாங்களாம். நீ சாப்பிட்டியா?"

"இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார் நோயல். அன்று அவளிடம் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

*

மாலையில் லோர்னா தெருவைக் கடந்து வந்தாள். க்ளெனிஸ் விழுந்த நாள் முதல் ஒவ்வொரு மாலையும் வந்தாள். கையில் சூரை மீனும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட பாத்திரம். அதைச் சுற்றி, சூடு ஆறாதிருக்க, வெண்மையான கம்பளிச் சதுரம் ஒன்று. அவளே பின்னியது.

"என்ன நடுவரே, ஆட்டம் எப்படிப் போகுது?" என்றாள்.

"பசங்களுக்குள்ள கொஞ்சம் தகராறு."

லோர்னா எந்தப் பசங்கள் என்று கேட்கவில்லை. "யார் முதல்ல கடிக்கிறது?"

"பட்டன்... வந்து, பெரியவ. பொண்ணு."

"பின்னங்காலால தரையைத் தட்டுறாளா?"

"தட்டுறா."

"அப்ப அவளுக்கு எதையோ பார்த்துப் பயம். கோபம் இல்ல. மெத்துன்னு ஏதாவது போட்டுப் படுக்க வைங்க." அவள் பரிமாறும் கரண்டியை நீட்டினாள். நோயல் கை நீட்டியபோது அது அங்கே இல்லை. இருவரும் தரையில் தேடினார்கள். பின்னர் அது நோயலின் மேற்சட்டைப் பையில் அகப்பட்டது. இது முதல் முறையும் அல்ல. சென்ற மாதம் அவருடைய கைக்கடிகாரம் அவளுடைய கேக்குத் தட்டின் அடியிலிருந்து கிடைத்திருந்தது. தமக்கு ஞாபக சக்தி குறைந்துவருகிறது என்று நோயல் மனத்துக்குள் வருந்தினார். லோர்னாவின் உதட்டோரம் ஏதோ நெளிந்து மறைந்தது.

அவள் சென்ற பின் நோயல் கம்பளிச் சதுரத்தைத் தடவிப் பார்த்தார். அத்தனை மென்மையான பொருளை அவர் தொட்டதே இல்லை. மெத்தென்று போடச் சொன்னாளே. அதையே பசங்களின் படுக்கையில் விரித்தார்.

பட்டன் அதை முகர்ந்தது. பின்னங்காலால் தரையைத் தட்டியது. பிறகு திரும்பி, ஒரு பாவமும் அறியாமல் வைக்கோல் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டின் மேல் பாய்ந்தது.

விசில் ஊதப்பட்டது. இம்முறை இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஒருவர் குளியலறைக்கு, மற்றவர் துணி துவைக்கும் அறைக்கு. தனித்தனி அறையில் தனித்தனியாக அமைதி பெற்று மீள்வார்கள் என்பது நடுவரின் கணக்கு. தனிமை குளிராக இருக்குமே என்று இரக்கப்பட்டு, முந்தைய நாட்களில் வந்து சேர்ந்திருந்த கம்பளிச் சதுரங்களையும் ஆளுக்கொன்றாக விரித்து வைத்தார். மறுநாள் கதவுகளைத் திறந்தபோது, வெளிவந்தவர்கள் ஒருவரையொருவர் இதற்கு முன் கண்டறியாத இரு அந்நியர்கள்.

*

கால்நடை மருத்துவர் ஹெய்டி பிஸ்கட்டின் காதுக்கு மருந்திட்டாள். இளம் பெண், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்.

"ரெண்டும் கருத்தடை பண்ணினதுதான். உடம்புல ஒண்ணும் இல்ல. வீட்ல புது வாசனை ஏதாவது வந்துச்சா? முயலுக்கு மூக்குதான் எல்லாம்."

நோயல் அனிச்சையாக ஜன்னலைப் பார்த்தார். மருத்துவமனை எல்லைத் தெருவிலிருந்து வெகு தொலைவு, எனினும் பழக்கம்.

"பக்கத்துல வேற முயல் ஏதாவது இருந்தா இப்படி ஆகும்" என்று ஹெய்டி தொடர்ந்தாள். "வெளியில இருக்கறதைக் கடிக்க முடியாது. அதனால கூட இருக்கறதைக் கடிச்சு வைக்கும்."

"வாய்ப்பே இல்ல, டாக்டர். ஒரு பக்கம் பல் டாக்டர் வீடு. இன்னொரு பக்கம் காலி மனை. எதிர்ல குயின்ஸ்லாந்து."

"ஓ, குயின்ஸ்லாந்தா." ஹெய்டி சிரித்தாள். "அப்ப அதை விட்டுடலாம்."

நோயலும் சிரித்தார். இந்த ஊரில் வளர்ந்த எவரும் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிவடைந்தது.

"சரி, ரெண்டுக்கும் ஒரே வாசனை வரணும்" என்றாள் ஹெய்டி. "நல்ல மிருதுவான துணியா எடுத்து இவனைத் தொடைங்க. அதே துணியால அவளைத் தொடைங்க. தினமும் செய்ங்க. அதுவும் சரிப்படலைன்னா ஒரே பெட்டியில வெச்சுக் காருல ஒரு சுத்து சுத்துங்க. பயத்துல ஒட்டிக்கும்."

"அதுவும் சரிப்படலைன்னா?"

ஹெய்டி பட்டனின் நெற்றிப் பொட்டைத் தடவினாள். "மலைப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. தனியா நிக்கிறதை எடுத்து வளர்ப்பாங்க. நல்லா பாத்துக்குவாங்க. ஆனா அது கடைசி வழி."

வீடு திரும்பிய நோயலுக்கு, அந்த வீட்டில் இருந்தவற்றுள் மிக மிருதுவான துணி எது என்று சற்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லோர்னாவின் கம்பளிச் சதுரம் ஒன்றை எடுத்து, பிஸ்கட்டைத் தலை முதல் வால் வரை தேய்த்தார். பிறகு பட்டனை. பிறகு நன்றாகப் படியட்டும் என்று மீண்டும் பிஸ்கட்டை. மருத்துவர் தினமும் என்றாள். அவர் காலை, மதியம், மாலை என்று செய்தார். கடமையில் குறை வைத்தவர் என்ற பெயர் அவருக்கு என்றுமே வந்ததில்லை.

இதுவரை பட்டன் மட்டுமே கடித்தது. அன்று முதல் பிஸ்கட்டும் கடித்தது.

*

எஞ்சியது கார். பெரிய அட்டைப் பெட்டியின் அடியில் இன்னொரு கம்பளிச் சதுரத்தை மெத்தையாக இட்டு, இருவரையும் அதில் வைத்து, மூடியை இறுகக் கட்டி, நோயல் புறப்பட்டார். கடற்கரைச் சாலை வரை சென்று திரும்புவது திட்டம். ஆனால் வழியில் சாலை வேலை. ஆரஞ்சு நிறக் கூம்புகள் அவரை ஒரு ரவுண்டானாவுக்குள் தள்ளின. ரவுண்டானாவோ அவரை மறுபுறமாக வெளியே துப்பியது. சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் நோயல் கவனித்தார்: அவர் குயின்ஸ்லாந்தில் இருந்தார். இரண்டு குற்றங்களைப் பின்னிருக்கையில் சுமந்துகொண்டு இருந்தார்.

அப்போது காலை ஓட்டத்துக்கு வந்திருந்த ஒருவன், மூச்சு வாங்கியபடி காரின் ஜன்னலருகே நின்றான். எல்லைத் தெருவின் வடபுறத்தில், லோர்னாவுக்கு அடுத்த வீட்டில் வசிக்கும் கிரெய்க். நகராட்சியில் களைகளையும் தொல்லை தரும் விலங்குகளையும் கண்காணிக்கும் பிரிவில் அதிகாரி.

"என்ன நோயல், இந்தப் பக்கம்?"

"சும்மாதான். பாத்திரம் திருப்பிக் குடுக்கப் போறேன்."

"லோர்னா பாத்திரமா? அவங்க வீடு பின்னாடியில்ல இருக்கு."

"வேற பாத்திரம்."

பெட்டி ஓர் அடி நகர்ந்தது. உள்ளே எதுவோ சுவரை உதைத்தது.

கிரெய்க் பெட்டியைப் பார்த்தான். "பாத்திரம் உதைக்குது."

"மூடி சரியாப் பொருந்தல."

கிரெய்க் வானத்தைப் பார்த்தான். விளக்குக் கம்பத்தைப் பார்த்தான். தெருவின் விதி அவனுக்கும் தெரியும். "மூடியைக் கெட்டியாக் கட்டுங்க. அடுத்த முனையில இடது பக்கம் திரும்பினா உங்க ஊர் வந்துடும். கொஞ்சம் சீக்கிரமாவே திரும்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, தேவைக்கு அதிகமான வேகத்தில் ஓடிப் போனான்.

நோயல் வீடு சேர்ந்து பெட்டியைத் திறந்தார். பயத்தில் ஒட்டிக்கொண்டது அவருடைய சட்டை மட்டுமே, வியர்வையில், அவருடைய முதுகோடு.

*

வெள்ளிக்கிழமை பிற்பகல். வரவேற்பறையில் இரண்டு கம்பித் தடுப்புகள். இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள். இரண்டு வைக்கோல் குவியல்கள். நடுவே க்ளெனிஸின் சாய்வு நாற்காலியில் நோயல். அவள் சென்றது முதல் அவர் அதிலேதான் உறங்கினார். கட்டில் அத்தனை அகலம் என்பதை அவர் இதுநாள்வரை அறிந்திருக்கவில்லை.

பட்டன் தன் பக்கத்தில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. ஆனால் வைக்கோலில் சரிபாதியை மட்டுமே தின்றிருந்தது; மீதிப் பாதியைத் தொடவில்லை. அந்த மீதிப் பாதி யாருக்கு என்று நோயலுக்குப் புரிந்தது. அவரும் அந்த வாரம் முழுவதும் தேநீருக்கு இரண்டு கோப்பைகளை எடுத்துவைத்து, பிறகு ஒன்றை உள்ளே வைத்திருந்தார்.

"நாளைக்கு அவ வர்றா" என்று பட்டனிடம் சொன்னார். "நான் என்ன சொல்லட்டும்?"

நோயல் எழுந்து ஹெய்டியின் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, மலைப் பக்கத்து அம்மாவின் எண்ணைக் கேட்டு வாங்கினார். அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டினார். பிறகு அது கண்ணில் படாதபடி, அதன் மேல் பீட்சாக் கடை விளம்பரம் ஒன்றை ஒட்டினார்.

க்ளெனிஸ் வருமுன் வீட்டையாவது ஒழுங்காக வைக்க எண்ணினார். தடுப்புகளைத் தேய்த்தார். தரையை வினிகர் கலந்த நீரால் துடைத்தார். பசங்களையும் ஈரத் துணியால் துடைத்தெடுத்தார். லோர்னாவின் கம்பளிச் சதுரங்கள் அனைத்தையும் துவைக்கும் இயந்திரத்தில் போட்டு, அழுக்கு முற்றிலும் நீங்கட்டும் என்று கொதிக்கும் சூட்டில் ஓடவிட்டார். வெளியே வந்தவை கைக்குழந்தையின் காலுறை அளவுக்குச் சுருங்கியிருந்தன.

அவர் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரத்தில் அவர் சரிசெய்யப் போன எதுவும் இதைவிட நன்றாக முடிந்திருக்கவில்லை.

*

சனிக்கிழமை முற்பகல் க்ளெனிஸ் நடைதாங்கியை ஊன்றி, வாசல் பாதையில் ஒவ்வோர் அடியாக வந்தாள். வீட்டுப் படியை அடையுமுன்பே நோயல் அவளை நிறுத்தினார்.

"க்ளென், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"அன்னிக்குப் போன்ல மென்னது நீதான்னு தெரியும்."

"எப்படி?"

"பல்செட்டு டக்கு டக்குன்னு அடிச்சுது. பிஸ்கட்டுக்கு ஏது பல்செட்டு?" அவள் முன்வாசல் நாற்காலியில் மெல்ல அமர்ந்தாள். "இருந்தாலும் தூக்கம் வந்துச்சு. நீ பக்கத்துல உக்காந்து மெல்றாப்பல இருந்துச்சு."

நோயல் எல்லாவற்றையும் சொன்னார். காது, குளியலறை, கார், குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கும் எண்.

"அவங்களைப் பிரிக்கிறதா இருந்தா பிரிக்கலாம்" என்றாள் க்ளெனிஸ். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை ரெண்டு பேரையும் சேர்த்துப் பாக்கறேன். இங்க, வெயில்ல, புல்லு மேல விடு."

நோயல் சிறு கம்பி வளையம் ஒன்றை முன்புறப் புல்லில் அமைத்து, இருவரையும் உள்ளே விட்டார். விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிஸ்கட் பட்டனை முகர்ந்தது. பட்டன் பிஸ்கட்டை முகர்ந்தது. இரண்டும் புல்லைத் தின்னத் தொடங்கின.

நோயலின் வாயிலிருந்து விசில் விழுந்தது.

"ஒண்ணும் பண்ணலையே" என்றாள் க்ளெனிஸ்.

"நேத்து வரைக்கும் பண்ணினாங்க. சத்தியமா."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லோர்னா தெருவைக் கடந்து வந்தாள். கையில் ஆட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் அடுக்கிய பாத்திரம், அதைச் சுற்றிப் புத்தம் புதிய கம்பளிச் சதுரம். அவள் நடுத்தெருவை அடையும்போதே பட்டன் தலை நிமிர்த்தியது. வாசற்கதவை அடைந்தபோது தரையைத் தட்டியது. லோர்னா குனிந்து, "வந்துட்டீங்களா, க்ளெனிஸ்" என்று கன்னத்தில் முத்தமிட்ட கணத்தில், புல்வெளியில் உரோமம் பறந்தது.

விசில், பலகை, கூச்சல் எல்லாம் முடிந்து நோயல் இருவரையும் இரு கைகளில் தூக்கிப் பிடித்து நின்றபோது, க்ளெனிஸின் மடியில் அந்தக் கம்பளிச் சதுரம் இருந்தது. அவள் அதை இரு விரல்களுக்கிடையே வைத்து மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது ஆண்டுகளாகப் பின்னல் ஊசி பிடித்த விரல்கள் அவை. இவ்வளவு நீளமும் இவ்வளவு மிருதுவும் ஆட்டின் மேல் விளைவதில்லை என்பதும், எதன் மேல் விளையும் என்பதும் அவற்றுக்குத் தெரியும். ஆனால் தெருவில் நின்று கேட்கக் கூடாத கேள்வி அது.

"லோர்னா" என்றாள் சற்றுக் கவனமாக. "இந்த நூல் எங்க வாங்கினது?"

"வாங்கல. வீட்லயே கிடைக்குது."

"வீட்லயே."

"சீப்புல வர்றதுதான். வீணாக்க மனசு வரல."

நோயல் லோர்னாவின் தலையைப் பார்த்தார். குட்டையாக வெட்டிய சாம்பல் நிற முடி. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல இதுவே தருணம் என்று பட்டது. துவைத்துச் சுருங்கியதைச் சொல்வதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

"அருமையான கம்பளி, லோர்னா. டாக்டர் மிருதுவான துணியாத் தேடச் சொன்னாங்க. உங்களோடதாலதான் ரெண்டு பேரையும் தினமும் மூணு வேளை தொடைச்சேன்."

லோர்னாவின் முகத்திலிருந்து நிறம் வடிந்தது.

"எதால?"

"இதாலதான். படுக்கையிலயும் இதுதான். காருலயும் இதுதான்."

அவள் பிஸ்கட்டின் காதில் உலர்ந்திருந்த தழும்பைப் பார்த்தாள். குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்த எண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ஆனால் க்ளெனிஸின் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்தாள். கம்பளியைச் சட்டென்று எடுத்துச் சுருட்டி, தன் மேலங்கிக்குள் திணித்தாள். அது எங்கே போயிற்று என்றே தெரியாதபடி மறைந்தது. அவளுடைய கைகள் அத்தனை வேகமானவை என்பதை நோயல் முதன்முறையாகக் கவனித்தார்.

"அந்தக் காது என்னாலதான்" என்றாள். "சமாதானமாப் போகட்டும்னு பார்த்து, தினமும் நானே சண்டையைத் தட்டுல வெச்சுக் கொண்டாந்து குடுத்திருக்கேன்."

"உங்களால எப்படி?"

லோர்னா பாத்திரத்தைப் படியில் வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள்.

"என்கிட்ட ஒரு முயல் இருக்கு."

எதிரே கிரெய்க் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த குழாய் ஒரே இடத்தில் நின்று நீர் பாய்ச்சியது.

"லோர்னா, மெதுவா" என்று நோயல் பதறிக் கிசுகிசுத்தார். "கிரெய்க் நிக்கிறான்."

"நிக்கட்டும்." அவள் தெருவை நோக்கித் திரும்பி, குரலை உயர்த்தினாள். "கிரெய்க், என்கிட்ட ஒரு முயல் இருக்கு."

"தெரியுமே, லோர்னா" என்றான் கிரெய்க், குழாயை அணைக்காமலே. "என் பொண்ணு பாப்பியோட பிறந்த நாளைக்கு அதைத் தொப்பியிலேர்ந்து எடுத்தது நீங்கதானே. எதிர்ப் பக்கத்துக்காரங்க சங்கடப்படுவாங்களேன்னுதான் நாங்க யாரும் வாயைத் திறக்கல."

"தொப்பியா?" என்றார் நோயல். புதன்கிழமைதோறும் லோர்னா கண்ணாடிச் சாமான் போல இரு கைகளாலும் அணைத்துக் காரில் ஏற்றும் கறுப்பு நிற வட்டப் பெட்டி அவர் நினைவுக்கு வந்தது. புல்தரையில் பந்துருட்டி ஆடும் முதியோர் குழுவுக்குப் போகிறாள் என்றுதான் தென்புறம் முழுவதும் நம்பியிருந்தது. கரண்டியும் நினைவுக்கு வந்தது. கைக்கடிகாரமும்.

அவர் கைகள் தளர்ந்தன. பிஸ்கட்டும் பட்டனும் புல்லில் இறங்கின. சற்று நேரம் விலகி அமர்ந்திருந்தன. பிறகு பட்டன் ஒரு தாவு தாவி, பிஸ்கட்டின் காதோரத் தழும்பை முகர்ந்து, தன் முதுகை அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. க்ளெனிஸ் கை நீட்டி நோயலின் சட்டை நுனியைப் பற்றிக்கொண்டாள்.

லோர்னா அதைப் பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

"பெர்ட் ஆயுசு பூரா அதுங்களை உள்ள விடாம வேலி கட்டினாரு. அவர் போனதுக்கப்புறம் வீட்ல ஒரு சத்தமும் இல்ல" என்றாள். "சட்டத்தை மீற எனக்கு வராது, நோயல். வேலிக்காரன் பொண்டாட்டி நான். அந்தப் பக்கம் சட்டப்படி முயல் வெச்சுக்க அனுமதி வேணும்னா, வித்தை காட்டற மந்திரவாதியா இருக்கணுமாம். அதனால மந்திரவாதி ஆயிட்டேன்."